ஒரு மனிதர், இரண்டு ஃபைல்கள்

2016 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. திருநீர்மலையில் நல்ல கூட்டம். கீழே நீர்வண்ணரைச் சேவித்துவிட்டு நானும் என் பழைய அலுவலக நண்பரும் மலைப்படி ஏறிக்கொண்டிருந்தோம். அவர் என்னைவிடப் பதினொரு வயது சிறியவர். வழக்கமாக அவர்தான் விறுவிறுவென்று ஏறிவிட்டு, மேலே நின்றுகொண்டு, "மெதுவா வாங்க சார், பெருமாள் எங்கேயும் போயிட மாட்டார்" என்று என்னைக் கிண்டல் செய்வார். அன்று பாதிப் படியில் நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"ஒண்ணுமில்லை சார், வாயு. காலையில பூரி சாப்பிட்டேன்."

"இடது தாடை வலிக்குதா?"

"லேசா வலிக்குது. ஏன் கேக்கறீங்க?"

அது வாயு இல்லை, மாரடைப்பு. அவருக்கு அப்போது வயது 55. இந்த வயதில் மாரடைப்பு வருவது நம் ஊரில் ஒன்றும் அதிசயமில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் இவர் 1999 முதல் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர். அந்தக் கிருமியால் இறந்துபோவார் என்று நாங்கள் பயந்த ஆண்டுகள் உண்டு. அதைத் தாண்டி வந்தவரை மலைப்படியில் இதயம் மடக்கிப் பிடித்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதை அறிவியல் கண்டுபிடித்த வரலாற்றையும், அதில் நான் செய்த ஒரு தவறையும் எழுதப்போகிறேன். நண்பரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர், அலுவலகம், பிரிவு எதையும் சொல்லவில்லை. யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

கதையைத் தாம்பரம் சானடோரியத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. திருநீர்மலையிலிருந்து சில கிலோமீட்டர்தான். டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்திவந்தவர் அவர். கணிதமேதை இராமானுஜன் அங்கே சில காலம் சிகிச்சை பெற்றிருக்கிறார். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்பதுதான் அந்நாளில் காசநோய்க்கு மருந்து. தாம்பரத்தில் அப்போது காடும் காற்றும் இருந்தன. 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

நான் வேலைக்கு வந்த புதிதில், மின்சார ரயில் சானடோரியம் ஸ்டேஷனில் நிற்கும்போது சிலர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1959-ல், சென்னையில் நடந்த ஆராய்ச்சி ஒன்று காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கே நிரூபித்திருந்தது. அறிவு வந்து சேர்ந்துவிட்டது. கைக்குட்டை மட்டும் இறங்கவில்லை.

இனி அடுத்த நோய். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதை வாசிக்கும் பழையவர்களுக்குத் தெரியும். என் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் வீட்டுக்குப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் வரும். 1980களின் நடுவில் ஒரு விடுமுறையில் போயிருந்தபோது, அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இந்த சீதா உலகத்தையே அழிச்சிடும் போலிருக்கே" என்றார். சித்தி சமையலறையிலிருந்து, "எந்தச் சீதா? கோடி வீட்டுச் சீதாவா?" என்று கேட்டார். எய்ட்ஸுக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர்தான். எங்கள் காதுக்கு அது சீதா என்றே விழும். அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தக் கிருமியை 1983-ல் பாரீஸ் பாஸ்தேர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தாஞியே குழுவினர் பிரித்தெடுத்தார்கள். இருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அது எங்கேயோ பம்பாயில்தான் முதலில் தெரியும் என்று எல்லோரும் நினைத்திருக்க, 1986-ல் நம் சென்னையில் தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். அவருடைய மாணவி நிர்மலா. ஆய்வுப் பட்டத்துக்காகப் பெண்கள் காப்பகத்தில் இருந்தவர்களிடம் ரத்தம் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார் நிர்மலா. ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். சித்தப்பா வீட்டுச் சிரிப்பு அன்றோடு எனக்கு மறந்துபோனது.

அடுத்த சில ஆண்டுகளில் எச்.ஐ.வி. நோயாளிகள் சானடோரியத்துக்கு வரத்தொடங்கினார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் முதலில் நுழைவது காசநோய்தான். அதனால் நெஞ்சக மருத்துவமனை, எச்.ஐ.வி. மருத்துவமனையாகவும் ஆனது. நாட்டிலேயே பெரிய சிகிச்சை மையங்களில் ஒன்று என்று பெயர் பெற்றது. கைக்குட்டைகள் மறுபடி வெளியே வந்தன.

1999-ல் ஒரு மாலை, அலுவலகம் காலியான பிறகு, நண்பர் என் மேஜைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னார். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "என்ன சார் பண்றது?" என்று மட்டும் கேட்டார். நான் முப்பது ஆண்டு ஃபைல் பார்க்கிற வேலையில் பாதியைத் தாண்டியிருந்தவன். ரகசியம் என்று சிவப்பு மையில் எழுதிய ஃபைலைத்தான் முதலில் எல்லோரும் பிரிப்பார்கள் என்று அறிந்தவன். அந்த ஞானத்தோடு சொன்னேன்: "யார்கிட்டயும் சொல்லாதே. எந்தக் காகிதத்திலயும் இதை எழுத விடாதே. மருத்துவச் செலவுன்னு ஆபீஸ்ல பில் போடாதே. வேற டாக்டர்கிட்ட போனாலும் வாயைத் திறக்காதே."

அந்தக் காலத்துக்கு அது நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன். வேலை போயிருக்கும். வாடகை வீடு போயிருக்கும். ஆனால் யோசனைக்கும் மருந்தைப் போலக் காலாவதித் தேதி உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கும் என்று 1996-லேயே மேல்நாடுகளில் கண்டுவிட்டார்கள். விலைதான் எட்டாக்கனி: ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, அதே கூட்டு மருந்தை ஏழை நாடுகளில் பணியாற்றும் தொண்டு மருத்துவர்களுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். உலகமே திரும்பிப் பார்த்தது. நண்பர் அந்த ஆண்டுதான் மாத்திரை ஆரம்பித்தார். சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. மாதாமாதம் அவர் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்காமல், தாம்பரத்தில் இறங்கி ஆட்டோவில் திரும்பி வருவார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

அவர் பிழைத்துக்கொண்டார். எடை கூடியது. மகள் கல்யாணத்தை நடத்தினார். ஆனால் 2008 வாக்கில் கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், வயிறு மட்டும் முன்னால் வந்தது. அலுவலகத்தில் சர்க்கரை வியாதி என்று பேசிக்கொண்டார்கள். அது ஸ்டாவுடின் என்ற மாத்திரையின் வேலை. உடம்பில் கொழுப்பை இடம் மாற்றிவிடும். ரத்தக் கொழுப்பையும் கெடுக்கும். 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது.

கொழுப்பு என்றதும் இதயத்தின் ஞாபகம் வரவேண்டும் அல்லவா? மேல்நாட்டு மருத்துவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் 23,468 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2003-ல் வந்தது. கூட்டு மருந்து சாப்பிடும் முதல் சில ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பு வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுகிறது என்றது அது. நான் இந்தச் செய்தியைப் பிரெஞ்சில் படித்துவிட்டு, பெரிய மனிதர் மாதிரி நண்பரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பயந்துபோய், "அப்ப நிறுத்திடட்டுமா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் டாக்டரிடம் போய்க் கேட்டார். "இதைப் படிச்சு உங்களுக்குச் சொன்னது யாரு?" என்று டாக்டர் கேட்டாராம். என் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றினார்.

டாக்டர் கோபித்ததில் நியாயம் இருந்தது. அதே ஆய்வில், அந்த 23,468 பேரில் மாரடைப்பு வந்தது 126 பேருக்குத்தான். மருந்தில்லாமல் இருந்தால் இறப்பவர்கள் எத்தனையோ மடங்கு. நான் சதவீதத்தைப் படித்தேன், எண்ணிக்கையைப் படிக்கவில்லை.

இன்னொரு பெரிய ஆய்வு அடுத்து நடந்தது. மருந்துக்குப் பக்கவிளைவு இருப்பதால், எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி வைத்து, குறையும்போது மறுபடி கொடுக்கலாமே என்று யோசித்தார்கள். 5,472 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு விடாமல் மருந்து, மறுபாதிக்கு விட்டுவிட்டு மருந்து. விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களில் இறப்பு அதிகம். ஆச்சரியம் என்னவென்றால், இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் அவர்களுக்கே அதிகம். 2006-ல் ஆய்வை இடையிலேயே நிறுத்தி, எல்லோருக்கும் மருந்து கொடுக்கச் சொன்னார்கள்.

அப்போதுதான் குற்றவாளி மருந்து மட்டுமில்லை, கிருமியும்தான் என்று தெளிவாயிற்று. எனக்கு ஒரு டாக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். மருந்து கிருமியை அடக்குகிறது, ஒழிப்பதில்லை. அது உடம்பில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதனால் உடம்பின் காவல்படை ஓய்வே இல்லாமல் கம்பும் கையுமாக நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி உள்ளே கனன்றுகொண்டே இருந்தால், ரத்தக்குழாயின் உள்சுவர் புண்ணாகிறது. புண்ணில் கொழுப்பு படிகிறது. இதோடு சிகரெட், ரத்த அழுத்தம், சர்க்கரை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மொத்தத்தில், எச்.ஐ.வி. உள்ளவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நண்பர் ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிப்பவர். அவர் அப்பாவும் நெஞ்சு வலியில் போனவர்.

இனி என் தவறுக்கு வருகிறேன். 2014-ல் நண்பருக்குப் பழைய மாத்திரை பலன் தரவில்லை என்று இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற்றினார்கள். அதில் ரிட்டோனாவிர் என்று ஒன்று சேர்ந்திருக்கும். மறு ஆண்டு எங்கள் பகுதியில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்து, "கொலஸ்ட்ரால் ஜாஸ்தி" என்றார்கள். அங்கிருந்த டாக்டர், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். நண்பர், "இல்லை" என்றார். 1999-ல் நான் சொல்லிக்கொடுத்த பதில் அது. டாக்டர் சிம்வாஸ்டாட்டின் எழுதிக்கொடுத்தார்.

சில வாரங்களில் தொடை இரண்டும் அடித்துப்போட்டது போல வலி. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போயிற்று. வயசாகிறது, வெயில் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். மாத மாத்திரை வாங்கப் போன இடத்தில் தற்செயலாகச் சொல்ல, சட்டைப் பையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்த டாக்டர் அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார். ரிட்டோனாவிர், கல்லீரல் மற்ற மருந்துகளைச் செரித்து வெளியேற்றும் வழியை அடைத்துவிடும். அப்போது சிம்வாஸ்டாட்டின் ரத்தத்தில் பல மடங்காகத் தேங்கித் தசையையே கரைக்கும். கரைந்தது சிறுநீரகத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விதி. ஆனால் ஒன்று இருப்பது தெரிந்தால்தானே மற்றதைத் தவிர்ப்பார்கள்? கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும்.

நான் பார்க்கப் போனேன். "நீங்க சொன்னபடிதான் சார் நடந்துக்கிட்டேன்" என்றார். குற்றம்சாட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அலுவலகத்தில் ஒரே ஆள் சம்பந்தமாக இரண்டு பிரிவில் இரண்டு ஃபைல் ஓடும். ஒன்றுக்கு மற்றது தெரியாது. இரண்டிலும் முரண்பட்ட உத்தரவு போட்டு, கடைசியில் அந்த ஆள் தலையில் விடியும். இதைத் தடுக்கத்தான், தொடர்புள்ள ஃபைலை இணைத்து வை என்று எங்களுக்குப் பாடம். அதைப் பணிக்காலம் முழுக்கச் செய்த நான், நண்பருடைய உடம்பு விஷயத்தில் இரண்டு ஃபைலும் சந்திக்கவே கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன்.

இப்போது மலைப்படிக்குத் திரும்புவோம். அவரை நாலு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். போகும் வழியிலேயே அவர் மனைவிக்குப் போன் செய்தேன்: "அந்த நோட்டையும் எடுத்துக்கிட்டு வாம்மா." அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். நான் வாயெடுப்பதற்குள் நண்பரே சொன்னார்: "டாக்டர், எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. 2001லேர்ந்து மாத்திரை சாப்பிடறேன்." பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்கிறார். அந்தப் பெண் ஒரு கணமும் தயங்கவில்லை. "என்ன மாத்திரைன்னு பேர் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். நோட்டைப் பார்த்துவிட்டு, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுப்பதாக இருந்த ஒரு மாத்திரை இதோடு சேராது என்று வேறு ஒன்றைக் கொடுத்தார்கள். கொழுப்பு மாத்திரையையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மனிதர்களுக்கு ஒரே உலகம் கிடைப்பதில்லை. ஆனால் 2017-ல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் இருக்கிறது. நோயைக் காரணம் காட்டி வேலையிலோ சிகிச்சையிலோ பாரபட்சம் காட்டக்கூடாது. நோயாளியின் சம்மதமில்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. ஊருக்குச் சொல்லாமலிருக்கும் உரிமை நோயாளிக்கு முழுவதும் உண்டு. வைத்தியம் பார்க்கிறவரிடம் மறைப்பது மட்டும் வேறு சமாசாரம்.

2023-ல் வந்த செய்தியோடு வரலாற்றை முடிக்கிறேன். 40 முதல் 75 வயது வரையுள்ள, இதய ஆபத்து பெரிதாக இல்லாத எச்.ஐ.வி. நோயாளிகள் 7,769 பேரை 12 நாடுகளில் சேர்த்தார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. பாதிப் பேருக்குத் தினம் பிட்டாவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. எச்.ஐ.வி. மருந்துகளோடு அதிகம் மோதாது என்பதால் அந்த மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக் கணக்கில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. இந்த முறை சதவீதத்தோடு டாக்டரின் அபிப்பிராயத்தையும் கேட்டுக்கொண்டுதான் நண்பரிடம் சொன்னேன். யாருக்கு எந்த மாத்திரை என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்லவேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கடைக்குப் போய் வாங்கிவிடாதீர்கள். இருக்கிற மருந்தை நிறுத்திவிடவும் வேண்டாம்.

நண்பருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. சிகரெட் இல்லை. மலைப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுகிறார். அவர் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும். என் கையெழுத்தில் நான் எழுதிக்கொடுத்தது. என்ன நோய், என்ன மாத்திரை, எந்த ஆண்டு முதல், எதனோடு எது சேராது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. மாத்திரை மாறினால் புதிதாக எழுதிக் கொடுப்பேன். உங்களுக்குச் சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ, வேறு எதுவோ, நீங்களும் இப்படி ஒன்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நம் வயதில் நமக்கு டாக்டர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

1999-ல் நான் சொன்ன யோசனையை இங்கே எழுத்துமூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதை எழுதி முடித்ததும் நண்பருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பூரி சாப்பிட்டதையும் எழுதிட்டீங்களே சார், வீட்ல படிச்சா திட்டுவாங்க" என்றார்.